குறுக்கே போன கோடு

"நான் ஸ்கூலுக்குப் போனப்புறம் நீங்க ரெண்டு பேரும் யாரை வெச்சுப்பா பேசிக்குவீங்க?"

ஷூவுக்குக் காலை நீட்டிக்கொண்டே மகள் மலர்விழி ஒரு நாள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

அவர் லேஸைக் கட்டி முடித்தார்.

பதினோரு வருஷம் ஆகிறது.

இப்போது மலர் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். சாயங்காலம் ஆறரைக்குத் தவறாமல் அம்மாவுக்குப் போன் செய்வாள். அம்மா அடுப்படியில் இருந்தபடி, "பிரஷர் மாத்திரை நாளையோட தீருதுன்னு அப்பாகிட்டச் சொல்லு" என்பாள். அடுத்த நிமிஷம் கூடத்தில் அவருடைய போன் அடிக்கும்.

பத்தடி தூரத்துக்கு ஒரு சேதி கோயம்புத்தூர் போய்த் திரும்பி வரும்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன செல்போன் டவராப்பா?" என்று மலர் சிரிப்பாள்.

அவர் சிரிக்க மாட்டார். வருத்தமும் கிடையாது. மரத்துப்போன கால் மாதிரி. இருக்கிறது, தெரிவதில்லை.

இன்று அலுவலகத்தில் பயிற்சி வகுப்பு. பொதுமக்களிடம் பேசுவது எப்படி என்று.

வகுப்பெடுக்க வந்த பெண் பலகையில் இரண்டு ஆட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தாள். ஆளுக்கு மூன்று வட்டம், ஒன்றின் கீழ் ஒன்று. மேலே பெற்றோர். நடுவில் பெரியவர். கீழே குழந்தை.

"எந்த வயசுலயும் இந்த மூணு பேரும் நமக்குள்ள இருக்காங்க சார். இவருக்குள்ள இருக்கிற குழந்தை, அவருக்குள்ள ஒரு அம்மாவையோ அப்பாவையோ தேடிப் பேசுது. அவரு பெரிய மனுஷனா, விவரமா பதில் சொல்றாரு. கோடு குறுக்கே போயிடுது. பேச்சு அங்கேயே அறுந்துடும்."

எல்லோரும் நோட்டில் வரைந்தார்கள். அவரும் வரைந்தார்.

கீழ் வட்டத்தில் பேனா நின்றது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரி வராந்தா. கர்ப்பப்பையை எடுக்கப்போகிறார்கள். பச்சை உடுப்பில், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, மனைவி அவருடைய சட்டை நுனியைப் பிடித்தாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க."

அவர் கேட்டார்: "ஃபார்ம்ல எல்லா எடத்துலயும் கையெழுத்துப் போட்டியா?"

அவள் சட்டையை விட்டுவிட்டாள்.

சண்டை இல்லை. ஒரு சொல் தடித்ததில்லை. வீடு திரும்பிய அன்று, "அப்பாவைச் சாப்பிடச் சொல்லு" என்று மகளிடம் சொன்னாள். அவ்வளவுதான். அப்படியே பழகிப்போனது.

நோட்டைப் பார்த்தபடி இருந்தார். வலிக்கவில்லை.

ஏனோ காப்பி ஞாபகம் வந்தது. தினமும் ஃபிரிட்ஜ் மேல் அவருக்கான டம்ளர் இருக்கும். ஆறிவிடாமல் அதன்மேல் சின்னத் தட்டு ஒன்று மூடியிருக்கும். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அது திறந்து கிடந்ததில்லை.

பேச்சு அறுந்த வீட்டிலும் கடவுள் ஏதோ ஒன்றை அறுக்காமல் விட்டுவைக்கிறார்.

ஆறு மணிக்கு வீடு வந்தார். விளக்கு ஏற்றியிருந்தது. டம்ளர் இருந்தது. தட்டு மூடியிருந்தது.

வழக்கமாக அதை எடுத்துக்கொண்டு கூடத்து நாற்காலிக்குப் போவார். இன்று அடுப்படி வாசலுக்குப் போனார்.

வெகுநேரம் நின்றார். காப்பி கையிலேயே ஆறியது.

அவள் தரையில் செய்தித்தாளை விரித்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முதுகு இந்தப் பக்கம்.

"அன்னைக்கு எனக்கும் பயமா இருந்துச்சு, செண்பகம்."

கீரை ஆய்ந்த கை நின்றது.

"நீ திரும்பி வராமப் போயிருவியோன்னு. அதான் ஃபார்மைப் பத்திக் கேட்டேன்."

அவள் திரும்பவில்லை.

ஆறரை. அவளுடைய போன் அடித்தது.

எடுத்தாள். "அப்புறமாக் கூப்பிடு கண்ணு. அப்பா பேசிக்கிட்டு இருக்காங்க."

அவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்திருந்தார்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். திரும்பாமலே, பாதிக் கீரையை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.