பொம்மைக்கு ஒரு குரல்

"இன்னும் கொஞ்சம் குழைவா வரணும் மேடம். எங்கப்பா அம்மாவைக் கூப்பிட்டா தேன் ஒழுகும்" என்றான் மூத்த மகன்.

போய்ச் சேர்ந்த மனிதரின் குரலுக்குச் சர்க்கரை போடச் சொல்கிறானே என்று இன்ஜினியர் பெண்ணுக்கு எரிச்சலாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குரலைச் சரிசெய்தாள்.

மறதி நோய் வந்தவர்களுக்குத் துணையாக அவள் வடிவமைத்த பொம்மை அது. மடியில் வைத்துக்கொள்ளலாம், தலையணை மாதிரி மெத்தென்று இருக்கும். கேட்டதையே நூறு தடவை கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்லும். ஆனால், தான் பொம்மைதான் என்பதை மட்டும் யாரிடமும் மறைக்காது. அதில் அவள் பிடிவாதமாக இருந்தாள்.

மகன் முதலில் எடுக்கச் சொன்னதே அதைத்தான். "கஸ்டமர் கேக்கறதைச் செஞ்சு குடுத்துட்டு வாம்மா, ஊரைத் திருத்தறது நம்ம வேலையில்லை" என்று மேலதிகாரியும் அனுப்பிவிட்டார்.

ஜன்னலோர நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. கணவர் "சாப்பிடு" என்று சொன்னால்தான் வாயைத் திறப்பாளாம். வேறு யார் ஊட்டினாலும் துப்பிவிடுகிறாளாம். இப்படியே போனால் மூக்கில் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"அவர் எங்கே?" என்றாள் அம்மா.

"சாயங்காலம் வருவார் அத்தே" என்றாள் மருமகள், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு இன்ஜினியர் பெண் பக்கம் திரும்பி, "விடிஞ்சு எழுந்தா இதே பாட்டு. இனிமே இந்தக் கழுத்தறுப்பெல்லாம் பொம்மை பாத்துக்கும்ல?" என்றாள்.

"அப்பா எப்போ..." என்று இழுத்தாள் இன்ஜினியர் பெண்.

"அதைக் கிளறாதீங்க மேடம், மனசு தாங்காது." மகன் மூக்கை உறிஞ்சினான். கண் என்னவோ காய்ந்துதான் இருந்தது. "தம்பியும் நானும் ராத்திரி பகலா யோசிச்சுத்தான் இந்த முடிவுக்கு வந்தோம்."

அவன் அனுப்பிய ஒலிப்பதிவில் குறை சொல்ல முடியாது. இப்படிக் கேட்டு வருகிறவர்கள் வழக்கமாகப் பழைய கல்யாண வீடியோவைத்தான் தருவார்கள். அந்த இரைச்சலில் குரலைப் பிரித்தெடுப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். இதில் இரைச்சலே இல்லை, நடுநடுவே லேசான இருமல் மட்டும்தான்.

மகனின் செல்போனைப் பொம்மையோடு இணைத்துக் குரலை ஏற்றினாள். பொம்மையை அம்மாவின் மடியில் வைத்தாள். பாலில் ஊறி வீங்கிய ரொட்டிக் கிண்ணத்தை மருமகள் மூக்கைச் சுளித்தபடி கொண்டுவந்தாள்.

"ஏம்மா, இன்னும் சாப்பிடலையா? ஒரு வாய் வாங்கிக்கோ" என்றது பொம்மை.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. பொம்மையின் துணிக் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"குரல் ஏன் இப்படிக் கம்மிப் போயிருக்கு? சளி பிடிச்சிருக்கா? வெந்நீர் குடிச்சீங்களா?"

"சளியாம்!" மகன் விழுந்து விழுந்து சிரித்தான். மருமகளும் சேர்ந்துகொண்டாள்.

அம்மா ஒவ்வொரு வாயாக வாங்கிச் சாப்பிட்டாள். கடைசித் துண்டைத் தானே எடுத்துப் பொம்மையின் வாயில் திணித்தாள். பால் வழிந்து துணியை நனைத்தது.

"ஐயோ, காஸ்ட்லி சாமான்!" என்று பதறி ஓடிவந்த மகன், பொம்மையின் வாயைத் துடைத்தான். அம்மாவின் தாடையில் வழிந்த பால் அப்படியே கிடந்தது.

இன்ஜினியர் பெண்தான் அதைத் துடைத்துவிட்டாள். சீ, என்ன பிழைப்பு இது என்று இருந்தது. அவர்களைப் பார்த்து மட்டும் வந்த அருவருப்பு இல்லை அது, பாதி தன் மேலேயே வந்தது. இருந்தாலும் பட்டினி கிடந்த வயிற்றுக்குள் நாலு வாய் போயிற்றே, செத்தவர் எழுந்து வந்தா ஊட்டப்போகிறார் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, சாமான்களைப் பையில் அடைத்தாள்.

மகனின் செல்போன் அடித்தது.

"தம்பி வீட்டு நம்பர். வேலை முடிஞ்சுதுன்னு சொல்லிடறேன்" என்று உற்சாகமாகக் காதில் வைத்தான். "ஹலோ... ஹலோ... ஒண்ணுமே கேக்கலையே!"

எப்படிக் கேட்கும்? பொம்மையோடு இணைத்ததை அவள் துண்டிக்க மறந்துவிட்டாள். அந்தப் பக்கம் யார் பேசினாலும் இனி பொம்மையின் வாய் வழியாகத்தான் வரும்.

அவள் அதைச் சொன்னதும் மருமகளின் முகம் வெளுத்தது. "கட் பண்ணுங்க! முதல்ல கட் பண்ணித் தொலைங்க!" என்று பொம்மை மேல் பாய்ந்தாள். அம்மா அதை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

பொம்மை பேசியது. இன்ஜினியர் பெண் அதற்குச் சொல்லித்தராத பேச்சு.

"பெரியவனே, பொம்மை சொல்லி அவ சாப்பிடலைன்னா, சொன்னபடி என்னை அவகிட்டக் கொண்டுவந்து விட்டுடுவேதானே?"