அளந்த மாதிரி

இன்றுதான் அவளை அதைத் தொட விட்டார்கள்.

நெட்வொர்க் அனலைசர். ஆண்டெனாவுக்குள் சிக்னலை அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டும். கோடு ஓரிடத்தில் பள்ளமாக இறங்கினால் ஆண்டெனா வேலை செய்கிறது.

கல்லூரியில் ஏசி உள்ள ஒரே அறை அதனுடையது. மாணவர் தொட்டால் கெட்டுவிடுமாம். உறையைக் கழற்றுவது ஆயுத பூஜைக்கும், கல்லூரியைச் சோதிக்க ஆய்வுக்குழு வரும்போதும்தான்.

இறுதியாண்டு முழுக்க அவள் செய்தது ஒரே ஒரு ஆண்டெனா. தபால்தலை அளவு.

கணினியில் ஓட்டிப் பார்த்தபோது வேலை செய்தது. நிஜத்தில்?

அளந்து பார்க்க அனுமதி கேட்டுத்தான் துறைத்தலைவர் அறை வாசலில் மாதக்கணக்கில் நின்றாள்.

இன்று ஆய்வுக்குழு வருகிறது; அவரே கூப்பிட்டார். "லேப் கோட் போட்டுட்டு வந்து நில்லும்மா. யாராவது யூஸ் பண்ற மாதிரி இருக்கணும்ல."

ஆண்டெனாவைக் கருவியில் பொருத்தினாள். திருகு பாதியில் நின்றது.

கோடு திரையின் மேல் விளிம்பிலேயே படுத்திருந்தது.

பள்ளம் இல்லை. அனுப்பியது எல்லாம் அப்படியே திரும்பி வந்திருக்கிறது.

கழற்றிப் பார்த்தாள்.

கருவியின் துளைக்குள் காய்ந்த சந்தனம். அதன் மேல் குங்குமம்.

பக்கத்துத் துளையிலும். பாரபட்சமே இல்லை.

"சார், உள்ள சந்தனம் அடைச்சிருக்கு."

"அவங்க போகட்டும்" என்றார், உதடு அசையாமல். சிரிப்பும் கலையவில்லை. குழு உள்ளே வந்துவிட்டிருந்தது.

குழுவில் மூத்தவர் கருவியைத் தட்டிப் பார்த்தார். தர்பூசணியைத் தட்டுவதுபோல.

"ஸ்டூடண்ட்ஸ் யூஸ் பண்றாங்களா?"

"டெய்லி சார். இந்தப் பொண்ணையே கேளுங்களேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

தலையாட்டினாள்.

போட்டோ எடுத்தார்கள். முந்திரி பக்கோடா சாப்பிடப் போனார்கள். உறை மீண்டும் ஏறியது.

"சார், அதைக் க்ளீன் பண்ணி ஒரே ஒரு தடவை..."

"பல லட்ச ரூபா மெஷின்மா. ஊசியை விட்டுக் குத்தச் சொல்றியா?" பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டார். "கம்ப்யூட்டர்ல வந்த கோட்டையே ரிப்போர்ட்ல போட்டுடு. கொஞ்சம் நடுங்க விடு. அப்பதான் அளந்த மாதிரி இருக்கும். எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

விடுதியில் மடிக்கணினியைத் திறந்தாள். பக்கத்தில் ஆண்டெனா. அதன் முனையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

கணினி தந்த கோட்டின் மேலேயே மவுஸால் இன்னொரு கோடு இழுத்தாள்.

நடுங்க விடுவதற்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.