வாகைப்பாளையம் சாலைக்கு முதலிடம்

1936ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலைப் பனி எட்டு மணிக்கே விலகி, வெயில் இதமாக அடித்துக்கொண்டிருந்தது. சைக்கிள் சங்கத்தின் கூட்டத்தில் காரியதரிசி கோபாலசாமி கையிலிருந்த அறிக்கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கத்தின் முதல் பந்தயம் அடுத்த மாதம் நடக்கவிருந்தது. கலெக்டர் துரையே வந்து கோப்பை வழங்க இசைந்திருந்தார். கோயமுத்தூரைச் சுற்றிச் சைக்கிள் மிதிக்கச் சிறந்த வட்டாரம் எது என்று பார்த்துவரும் பொறுப்பைச் சந்தியாகுவிடம் ஒப்படைத்திருந்தார்கள். பீளமேட்டில் ஒரு மில்லில் பிட்டர் வேலை பார்ப்பவர். அவர் சொல்லே முடிவு என்பது சங்கத்தின் தீர்மானம்.

ஒரு மாதம் ஊர் ஊராக மிதித்துவிட்டு, சந்தியாகு அறிக்கை கொடுத்தார். கோபாலசாமி முதல் பக்கத்திலிருந்த ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து, வெள்ளிக்கிழமையே கலெக்டருக்கு எழுதிவிட்டார். மறுபக்கத்தை இன்றுதான் திருப்பினார்.

பொள்ளாச்சிச் சாலை: நிழலுக்குப் பத்து மதிப்பெண், தளத்துக்கு ஒன்பது.

மேட்டுப்பாளையம் சாலை: நிழல் எட்டு, தளம் எட்டு.

கருமத்தம்பட்டியில் பிரியும் வாகைப்பாளையம் சாலை: நிழல் ஒன்று, தளம் பூஜ்யம்.

அதன்கீழே, அதே அழகிய கையெழுத்தில்: 'ஆகவே, பந்தயத்துக்கு ஏற்றது வாகைப்பாளையம் சாலையே.'

"ஏனுங்க, பூஜ்யம் வாங்குனவன் முதல் வகுப்புல பாஸ் பண்றது எந்தப் பள்ளிக்கூடத்துலீங்க?" என்றார் தம்பிதுரை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு உள்ளவர். பந்தயம் தம் பக்கமே வரும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவர்.

கோபாலசாமி தலைநிமிர்ந்தார். "சந்தியாகு, எழுதறப்ப கைதவறிப் போச்சுங்களா?"

"இல்லைங்க. மார்க்கும் சரிங்க, முடிவும் சரிங்க."

"எப்படிங்க சரியாகும்?" தம்பிதுரை விடவில்லை. "கருமத்தம்பட்டியில மாதா கோயில் இருக்குது. மாமனார் ஊடும் அக்கட்டாலதான் இருக்கும். பந்தயத்தன்னைக்கு விருந்து பலமா இருக்குமாட்ட இருக்குது!"

"என்ற மாமனார் ஊடு ஈரோடுங்க."

"அப்ப அத்தை ஊடு!"

எல்லாரும் சிரித்தார்கள். கோபாலசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. "கலெக்டர் துரையோட கார் அந்தக் குழியில எறங்கி அச்சு முறிஞ்சா, சங்கத்தோட மானம் என்னாவறதுங்க?"

"முறியாதுங்க. ரெண்டு வாரம் பொறுத்து, நீங்களே ஒருக்காப் போய்ப் பாத்துப்போட்டு வாங்க."

"ஏன், இன்னைக்குப் போனா என்னவாம்?"

"இன்னைக்குப் போனா உழுந்துபோடுவீங்க."

இதைத் திமிர் என்றே கோபாலசாமி எடுத்துக்கொண்டார். சந்தியாகு கேட்ட தவணைக்குப் பின் நேரில் போய்ப் பார்ப்பது, சாலை மோசமாக இருந்தால் சந்தியாகுவின் பெயரைச் சங்கத்திலிருந்து அடித்துவிடுவது என்று தீர்மானம் எழுதப்பட்டது. சந்தியாகுவும் அதில் கையெழுத்திட்டார்.

இரண்டு வாரம் கழித்து, தீர்மானத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோபாலசாமி கிளம்பினார்.

கருமத்தம்பட்டியில் திரும்பியதும் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

சாலை வழவழவென்று கிடந்தது. தொலைவில், புதிதாகக் கொட்டிய கப்பிக்கல்லின்மேல் எருதுகள் உருளையை இழுத்துக்கொண்டிருந்தன. கல் இறக்கிக்கொண்டிருந்த வண்டிக்காரரிடம் போனார்.

"ஏனுங்க, இந்தச் சாலை எப்ப இப்படி ஆச்சுங்க?"

"பத்து நாளாத்தானுங்க." வண்டிக்காரர் மாசாணம் நெற்றி வியர்வையைத் துண்டால் ஒற்றினார். "பன்னெண்டு வருசமா மனுக் குடுத்தோமுங்க. ஒரு கூடைக் கல்லு உழுகலை. இப்ப யாரோ சைக்கிள் பந்தயமுன்னாங்க, கலெக்டர் துரை வாராருன்னாங்க. அன்னையிலிருந்து ஓவர்சீயர் ஐயா நின்ன எடத்துல சோறு திங்கறாருங்க!"

கோபாலசாமி குனிந்து புதுத் தளத்தைத் தடவிப் பார்த்தார். மாசாணம் தொடர்ந்தார்.

"பொங்கல் முடிஞ்சு ஒரு வாரமுங்க. என்ற சம்சாரத்தெப் பிரசவத்துக்கு ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். இதோ, இந்த எடத்துல வண்டி குழியில எறங்கிப்போச்சு. அவ போட்ட சத்தத்துல எனக்குக் கையுங் காலும் ஓடலை. அப்பப் பாத்துச் சைக்கிள்ல ஒரு புண்ணியவான் வந்தாருங்க. சைக்கிளெ வேலியில சாச்சுப்போட்டு, சக்கரத்துக்குத் தோள் குடுத்தாரு. ஒரு குழியா? ஏழு குழி! ஏழுக்கும் கூடவே வந்து தள்ளுனாரு."

"அம்மணி எப்படியிருக்காங்க?"

"தாயும் புள்ளையும் நல்லா இருக்குதுங்க. வண்டியிலயே பொறந்துபோட்டா. ஊருக்குள்ள அவளுக்கு ரோட்டாத்தான்னு பேரு!" மாசாணம் வாய்விட்டுச் சிரித்தார்.

"தள்ளுனவரு பேரு என்னங்க?"

"சொல்லலைங்க. இந்தப் பக்கத்து ஆளுமில்லை. போறப்ப ஒரு நோட்டெ எடுத்து எழுதுனாரு. என்னங்க எழுதறீங்கன்னு கேட்டேன். 'இந்தச் சாலைக்கு மார்க்குப் போடறேனுங்க'ன்னாரு."

கோபாலசாமி தீர்மானத்தை எடுத்து நான்காகக் கிழித்தார்.

மார்ச்சு பதினைந்தாம் நாள் வாகைப்பாளையம் சாலையில் பந்தயம் குறையின்றி நடந்தது. கோப்பையைப் பொள்ளாச்சிக்காரர் ஒருவர் வென்றார். "இவ்வளவு நல்ல சாலையை எப்படித் தேடிப் பிடித்தீர்கள்?" என்று கலெக்டர் வியந்து பாராட்டினார். அடுத்த ஆண்டும் சந்தியாகுவே வட்டாரங்களை ஒப்பிட்டு மதிப்பெண் இட்டார். எல்லாவற்றிலும் குறைந்த மதிப்பெண் பெற்ற சாலையைத் தம்பிதுரை முன்மொழிய, சங்கம் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது.