பதினாலு கிலோ வஞ்சம்

"இன்னும் ஒரே வாரம். அப்புறம் இருக்கு அவளுக்கு!"

சொல்லிக்கொண்டே மாஸ்டரம்மா நீளக் கத்தியைக் கேக்கின் நடுவில் இறக்கினாள். அடுப்புப் பக்கம் நின்றிருந்த ரொட்டிக்காரர் ஓரடி பின்வாங்கினார்.

"ஏம்மா, திட்டறதுன்னா கத்தியைக் கீழே வச்சுட்டுத் திட்டேன்!"

அந்தப் பேக்கரியில் கேக் வேலை முழுக்க அவள் பொறுப்பு. கேக்கைச் சதுரமாகச் சீவும்போது விழும் ஓரத்துண்டுகள் பதினைந்து வருஷமாக அவள் வாய்க்குத்தான் போயின. மூன்றரை மாதமாக அவை ஒரு டப்பாவில் சேர்ந்து ரொட்டிக்காரர் வீட்டுக்குப் போகின்றன. அவள் இளைக்க இளைக்க, அவர் சட்டைப் பொத்தான் தெறிக்க ஆரம்பித்தது.

பசி சரியாகப் பகல் பதினொரு மணிக்கு வரும். முதல் தட்டு பன் அடுப்பிலிருந்து வெளியே வருகிற நேரம். வயிறு கூப்பாடு போடும். இரண்டு டம்ளர் வெந்நீரை மடமடவென்று குடிப்பாள், அரை வெள்ளரிக்காயைக் கடிப்பாள். அப்படியும் அடங்காவிட்டால் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அவளிடம் பதினோராவதாக ஒன்று இருந்தது. வஞ்சம். அது மட்டும் பறக்கவே இல்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய அக்காவுக்குக் கல்யாணம். எல்லோரும் ஃபோட்டோவுக்கு நின்றபோது இவளும் ஆசையாக ஓடிப்போய் அக்கா பக்கத்தில் நின்றாள்.

"நீ தள்ளுடி ட்ரம்மு! உன்னையும் சேர்த்து எடுக்கணும்னா அந்தாளு அடுத்த தெருவுக்குப் போய் நின்னுதான் எடுக்கணும்" என்றாள் அக்கா.

மண்டபமே சிரித்தது. இவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் சாப்பிடாமல் வீட்டுக்குக் கிளம்பி வந்துவிட்டாள். அன்றோடு அக்கா தங்கை பேச்சு அறுந்தது.

"நேரா போய் அவ கண்ணு முன்னாடி நிக்கப் போறேண்ணே. ட்ரம்மு எங்கடின்னு கேட்கப் போறேன்."

"கேளு, கேளு. புதுத் துணி தைக்கக் குடுத்தியா? இப்பப் போட்டிருக்கறது கொடியில காயற மாதிரித் தொங்குது."

"துணி எதுக்குண்ணே? அங்க அவங்களே குடுத்துடுவாங்க."

"அவ்வளவு பெரிய இடமா!" என்று ரொட்டிக்காரர் வாயைப் பிளந்தார். அவள் அடுத்த கேக்கை இழுத்து வைத்துச் சீவத் தொடங்கினாள்.

அன்றைக்கு ஆர்டர் அதிகம். நான்காவது கேக்குக்குக் கிரீம் பூசி நிமிர்ந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. ரொட்டிக்காரர் ஓடிவந்து ஸ்டூலில் உட்கார வைத்தார். சூடான பன் ஒன்றைப் பிளந்து, வெண்ணெய் தடவிக் கையில் திணித்தார்.

"செத்துகித்துத் தொலையாதே. ஒண்ணு தின்னா ஒண்ணும் ஆயிடாது."

வெண்ணெய் உருகி விரலில் வழிந்தது. வாயெல்லாம் நீர். பன்னை உதடு வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். அப்போது ஃபோன் அடித்தது. அக்கா புருஷன்.

"அடுத்த வாரம் உறுதியா வந்துடுவியாம்மா?"

"வருவேன் மாமா. நான் வர்றது அவளுக்குத் தெரியவே கூடாது. அவ மூஞ்சி போற போக்கை நான் கண்ணால பார்க்கணும்."

"இத்தனை வருஷமாச்சே, இன்னுமா மனசு ஆறலை?"

"எப்படி ஆறும் மாமா? அடுப்பை விட்டு இறக்கவே இல்லையே."

ஃபோனை வைத்தவள் பன்னை ரொட்டிக்காரர் பக்கம் நகர்த்தினாள். விரலில் வழிந்த வெண்ணெயைக்கூட நக்காமல் துணியில் துடைத்துக்கொண்டாள்.

மறு வாரம் போனாள். மூன்றாவது மாடி, கடைசி அறை. கதவைத் தட்டாமலேயே திறந்தாள்.

கட்டிலில் அக்கா கிடந்தாள். கண்ணும் தோலும் மஞ்சள் பாரித்திருந்தன. கைகால் குச்சி, வயிறு மட்டும் வீங்கியிருந்தது. மண்டபத்தையே சிரிக்க வைத்த வாய் காய்ந்து வெடித்திருந்தது.

தங்கையை அடையாளம் தெரியவே அவளுக்குச் சற்று நேரமாயிற்று.

"நீயா? நான் இப்படிக் கிடக்கறதை வேடிக்கை பார்க்க வந்தியா?"

"ஆமா. நீயும் என்னை நல்லாப் பார்த்துக்க. பதினாலு கிலோ. ஒவ்வொரு கிலோவையும் உன்னை நினைச்சு நினைச்சுத்தான் குறைச்சேன்."

அக்காவின் கண் நிறைந்து காதுப் பக்கம் வழிந்தது. "நான் போறதுக்குள்ள சொல்லிக்காட்டணும்னு வந்திருக்கே. சொல்லிட்டுப் போ."

"அழு. நான் அழுததுல பாதியாவது அழு."

தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தாள். முகத்தில் மருந்துக்குக்கூட இரக்கமில்லை. "அவ்வளவு சுலபமா தப்பிச்சுப் போயிடலாம்னு பார்க்கறியா?"

கதவு திறந்தது. கையில் ஃபைலோடு டாக்டர் வந்தார். அவருக்குப் பின்னால், மூச்சைப் பிடித்துக்கொண்டு மாமா.

டாக்டர் நேராகத் தங்கையிடம் வந்தார். "உங்க ஸ்கேன் பார்த்துட்டேன்மா. உள்ளே இருந்த கொழுப்பெல்லாம் கரைஞ்சுபோச்சு. இனி பயமில்லை."

அக்கா திகைத்துப்போய் தலையைத் தூக்கினாள். "இவளுக்கு எதுக்கு ஸ்கேன்?"

தங்கை எழுந்து அவள் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"என் ஈரல்ல பாதியை வெட்டி உனக்கு வைக்கப் போறாங்கடி, இனி சாகிற வரைக்கும் என்னைச் சுமந்துக்கிட்டுத் திரி!"