துண்டு டாக்டர்

பெரிய டாக்டர் முழங்கையால் குழாயைத் தட்டி மூடினார். விரல்கள் மேலே, முழங்கை கீழே என்று இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். போலீஸில் பிடிபட்ட திருடன்கூட அவ்வளவு பவ்யமாகக் கையைத் தூக்கியிருக்க மாட்டான்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆபரேஷன் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மயக்க மருந்து டாக்டர் ஊசியோடு தயாராக நின்றார். நோயாளி மட்டும் இன்னும் மேஜைக்கு வந்து சேரவில்லை.

அந்த நோயாளியைப் பெரிய டாக்டருக்கு நெடுங்காலமாகத் தெரியும். சரியான வாய்ச்சொல் வீரன். பித்தப்பையில் கல் என்று தெரிந்த நாளிலிருந்து ஆபரேஷனைத் தள்ளிப்போட அவன் சொன்ன சாக்குகளைக் கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே வெட்கப்படுவார்கள்.

ஒரு தடவை சளி என்றான். ஒரு தடவை மகளுக்குப் பரீட்சை என்றான். மகளோ படிப்பை முடித்து வேலைக்கே போய்விட்டாள்.

போன வாரம் வலி தாங்காமல் தரையில் புரண்டான், காய்ச்சல் வேறு. இனியும் தள்ளினால் பை உடைந்து சீழ் பரவி உயிருக்கே உலை வைத்துவிடும். அவன் மனைவிதான் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்து சேர்த்தாள். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

பக்கத்துக் குழாயில் சின்ன டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தாள். இன்று கத்தி அவள் கையில்தான். அவரிடமே தொழில் கற்றவள். இத்தனை பேர் இருக்க இவள்தான் செய்ய வேண்டும் என்று சொன்னதும் அவரேதான்.

காரணம், அவள் கையைத் துடைக்கிற விதம். கழுவுவது பாதி வேலை, துடைப்பது மீதி வேலை என்பது பெரிய டாக்டரின் வேதம். கிருமி நீக்கிய துண்டின் ஒரு பாதி ஒரு கைக்கு, மறு பாதி மறு கைக்கு. விரலில் தொடங்கி முழங்கையில் முடிக்க வேண்டும், போன வழியே திரும்பக் கூடாது.

ஈரக் கையோடு கையுறையைத் தொட்டவர்கள், அவர் போட்ட சத்தத்தில் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அவருக்கு வைத்த பெயரே ‘துண்டு டாக்டர்’. அது அவருக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அப்பேர்ப்பட்டவர் இன்று தானே தப்புச் செய்தார். முழங்கை வரை போன துண்டு, போன வழியே விரலுக்குத் திரும்பி வந்தது. தலைமை நர்ஸ் பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவரே துண்டைக் கூடையில் எறிந்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து கழுவ ஆரம்பித்தார்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை, அதனால்தான் கை தவறியது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். சுத்தப் பொய். அவருக்குப் பயம்.

ஊரில் பாதிப் பேர் வயிற்றைத் திறந்து மூடிய மனிதருக்குத் தொடை நடுங்குகிறது என்று வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். அழுத எத்தனை பேரிடம் ‘இது எறும்பு கடிக்கிற மாதிரிதான்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்! எந்த ஊர் எறும்பு, டாக்டர், அப்படிக் கடிக்கும் என்று ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. பாவம், மரியாதை தெரிந்தவர்கள்.

“தைரியமா செஞ்சிடுவியாம்மா?” என்று சின்ன டாக்டரிடம் கேட்டார்.

“எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதானே சார்.”

“அதான் பயமா இருக்கு.”

அவள் சிரித்தாள். கையைக் காட்டு என்றார். காட்டினாள். விரலிடுக்கு வரை நன்றாகக் காய்ந்திருந்தது, குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

தலைமை நர்ஸின் கையைப் பார்த்தார். அதுவும் காய்ந்திருந்தது. பல்லி மாதிரி சுவரையும் கூரையையும் நோட்டம் விட்டார். எங்கேயாவது ஒரு தூசி, ஒரு ஒட்டடை இருக்காதா என்று மனசு ஏங்கியது. சனியன் பிடித்த அறை, கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. அப்படி வைத்திருக்கச் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதும் அவருக்குத்தான்.

“குழாய்த் தண்ணி இன்னிக்கு ஒரு மாதிரி இருக்கு. நாளைக்கு வெச்சுக்கலாமா?” என்றார் மெதுவாக.

தண்ணீரைக் காலையில்தான் சோதித்ததாகத் தலைமை நர்ஸ் சொன்னாள். அப்போது மயக்க மருந்து டாக்டர் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்து, நோயாளி எங்கே என்று கேட்டார்.

பெரிய டாக்டர் மறுபடியும் சோப்பை நோக்கிக் கையை நீட்டினார். சின்ன டாக்டர், தன் கை எதிலும் பட்டுவிடாமல் உயர்த்திப் பிடித்தபடி, அவருக்கும் குழாய்க்கும் குறுக்கே வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“எங்க கை எல்லாம் காஞ்சாச்சு சார். நீங்க போய் மேஜைல படுங்க.”