அந்தக் கேள்வி

அஜ்மானிலிருந்து துபாய் போகும் சாலையில் காரைத் திருப்பிய விஜின், பக்கத்தில் மனைவி ரெஷ்மா நகம் கடிப்பதைப் பார்த்துச் சிரித்தான்.

“பைலட் இன்டர்வியூன்னா இப்படியா பயப்படுவ?”

“அன்னைக்கு என்கிட்ட கேட்டத இன்னைக்கும் கேட்டா? ‘இவ்வளவு கறுப்பா ஒரு பொண்ணு பிளேன் ஓட்டுனா ஜனங்க நம்பி ஏறுவாங்களா’ன்னு கேட்டாங்களே.”

“நீ பதிலே சொல்லாம வீட்டுக்கு வந்து அழுத.”

“இன்னைக்குச் சும்மா இருக்க மாட்டேன்.”

“இருக்காத. வேலை போனா போகட்டும். என் நர்ஸ் சம்பளத்துல மீன்கொழம்புக்குக் குறை வராது.”

ரெஷ்மா சிரித்துவிட்டாள்.

அலுவலக வராந்தாவில் சிலர் காத்திருந்தார்கள். அவர்களில் ஒரே பெண் கென்யாக்காரி. கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு ரெஷ்மா உள்ளே போனாள். மேசைக்குப் பின்னால் இரண்டு தேர்வாளர்களுக்கு நடுவே, தனக்காகக் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“குட் மார்னிங், கேப்டன்” என்ற மூத்த தேர்வாளர், முதல் விண்ணப்பத்தில் இருந்த படத்தைக் காட்டினார். “கென்யாப் பெண். நம் பயணிகள் இந்த முகத்தைப் பார்த்தால்...”

“அந்தக் கேள்வி வேண்டாம், சார். கேட்டால் எழுந்து போய்விடுவேன். ஏன் போனேன் என்று நிர்வாகத்திடமும் சொல்வேன்.”

அவர் படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

அந்தப் பெண் உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ரெஷ்மா தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“தரையிறங்கும்போது பக்கவாட்டுக் காற்று பலமாக அடிக்கிறது. என்ன செய்வீர்கள்?”

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. விமானத்தின் சுக்கானைப் பிடித்திருப்பதுபோல் இரண்டு கைகளும் தாமாக உயர்ந்தன.