கட்டுக்கம்பி

"இதுக்குப் பேரு கட்டடமா? மாடு தும்மினா மல்லாந்துடும் போலிருக்கே!"

கான்ட்ராக்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மகனின் கொட்டகையைச் சுற்றி வந்தார். முறுக்கிய வைக்கோல் பிரிகளை வளைத்து, மூட்டுக்கு மூட்டு மாவுப்பசை தடவிய காகிதத்தைச் சுற்றி, மேலே மெல்லிசாகக் களிமண் பூசியிருந்தார்கள். மருந்துக்குக்கூட ஒரு ஆணி இல்லை. மைதானம் முழுக்க இதே மாதிரி வைக்கோலும் மண்ணுமாகக் கொட்டகைகள். கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் என்னவோ கோட்டையைப் பிடித்துவிட்டது போல அவற்றின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, இது ஒரு சோதனை முயற்சி. போட்டியோட தலைப்பே என்னன்னா..."

"தலைப்பு கிடக்கட்டும்டா. இத்தனை வருஷத்துல நான் கட்டினது ஒண்ணாவது விழுந்திருக்கா? எனக்கே பாடம் எடுக்க வந்துட்டே!"

வீட்டிலும் இதே கதைதான். மகன் போட்டியைப் பற்றி எப்போது பேச்செடுத்தாலும் அவர் பாதியிலேயே வெட்டிவிடுவார். முதல் பரிசு வாங்கினால் பெரிய கட்டடக்கலைஞர் ஒருவரிடம் ஓராண்டு பயிற்சி கிடைக்கும் என்பது மட்டும், அவன் அம்மா புலம்பிப் புலம்பி, அவர் காதில் விழுந்திருந்தது. பையன் அதற்காகச் சோறு தண்ணீர் மறந்து வைக்கோலோடு மல்லுக்கட்டுவதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"நாங்க போய்ச் சாப்பிட்டு வந்துடறோம்பா. யாரும் தொடாம பார்த்துக்குங்க."

"ஆமா, தொட்டா தங்கம் உதிர்ந்துடும்! போடா."

பிள்ளைகள் போனதும் உள்ளே குனிந்து ஒரு மூட்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். அமுங்கியது. அப்பன் திட்டுவது வேறு, ஊரே கூடிச் சிரிப்பது வேறு. இவ்வளவு பேர் முன்னால் இது பொத்தென்று விழுந்தால் பையன் என்ன ஆவான்?

ஜீப்பைத் திறந்தார். கட்டுக்கம்பியும் குறடும் இல்லாமல் அவர் கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை. மொட்டை மாடிகளுக்கு அடிக்கும் வாட்டர் புரூஃப் டப்பா ஒன்றும் பின்சீட்டில் கிடந்தது. உள்ளே மண்டியிட்டு மூட்டு மூட்டாகக் கம்பியைச் சுற்றி முறுக்கினார். முடிச்சுகளை வைக்கோலுக்குள் சொருகி மறைத்தார். பிறகு வெளிப்பக்கம் முழுவதும் பிரஷ்ஷால் ஒரு பூச்சு. பூசியது வெறும் தண்ணீர் போல இருந்ததால் கண்ணுக்கே தெரியவில்லை.

"புஸ்தகம் படிச்சா போதுமா? புத்தி வேணும்டா, புத்தி," என்று முனகியபடி கையைத் துடைத்துக்கொண்டார்.

பிள்ளைகள் திரும்பி வந்த சிறிது நேரத்தில் நடுவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பின்னாலேயே ஒரு தண்ணீர் லாரி வந்தது. குழாயைத் திறந்து, மழை போல, முதல் கொட்டகையின் மேல் பீய்ச்சினார்கள்.

கான்ட்ராக்டருக்குச் சிரிப்பு வந்தது. நினைத்தது சரிதான், மழை தாங்குமா என்று பார்க்கிறார்கள்! முதல் கொட்டகை கூழாகிச் சரிந்தது. இரண்டாவது அதற்கும் முன்னால் விழுவேன் என்று விழுந்தது. அப்படியே வரிசையாக மற்றவையும் கரைந்தன.

கடைசிக்கு முந்தையது, பக்கத்தில் நின்ற கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரின் மகள் கட்டியது. அதுவும் கரைந்து தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. அந்தப் பெண்ணோ துள்ளிக் குதித்தாள். கடைக்காரர் விசிலடித்தார்.

கான்ட்ராக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பெண்ணுக்கு அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது, பெற்றவருக்குப் பேதலிக்கப் புத்தியே கிடையாது போலிருக்கிறது.

"என்னங்க, இப்படிப் பொசுக்குன்னு படுத்துடுச்சு?" என்றார், குரலில் இரக்கத்தைத் தடவி.

"அதானேங்க! நானே எதிர்பார்க்கலை!"

"கடைசி எங்க பையனோடது. நல்லா பார்த்துக்குங்க."

லாரி மகனின் கொட்டகைக்கு வந்தது. தண்ணீர் கொட்டியது. தாமரை இலையில் பட்டது போல உருண்டு ஓடியது. கொட்டகை நின்றது. நடுவர் கையைக் காட்ட, மறுபடியும் அடித்தார்கள். அப்போதும் நின்றது. லாரித் தண்ணீர் தீர்ந்ததே தவிர ஒரு பிரி அசையவில்லை.

மகனும் அவன் நண்பர்களும் முகம் வெளுத்து நின்றார்கள். 'சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை பாவம்' என்று நினைத்துக்கொண்டார். மீசையை நீவிக்கொண்டு கூட்டத்தை விலக்கி முன்னால் போனார்.

தலைமை நடுவர் எழுந்து வந்து கொட்டகையைத் தடவிப் பார்த்தார். வைக்கோலுக்குள் விரலை விட்டார். "இது யாரோட வேலை?"

"பசங்கதாங்க கட்டினாங்க," என்றார் கான்ட்ராக்டர், மைதானம் முழுக்கக் கேட்கும்படி. "ஆனா மூட்டுக்கு மூட்டு கம்பி போட்டது நான்! தண்ணி இறங்காம பூச்சு அடிச்சதும் நான்தான்! பெத்த அப்பன்!"

"அப்பா..." என்றான் மகன்.

நடுவர் விரலில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டார். "பெரியவரே, வெள்ளத்துல வீடிழந்தவங்க தங்கிட்டுப் போனதும், அடுத்த மழைக்குத் தானா கரைஞ்சு மண்ணோட மண்ணாகிற கொட்டகை. அதுதாங்க போட்டி. இந்த மைதானத்துலயே விழாம நிக்கிறது உங்க பையனோடது ஒண்ணுதான்."